நாய்வண்டியில் பயணம் செய்த ஒலிம்பிக் ஜோதி: மரபா, காட்சியா?

குறிஞ்சிவாசன்:

அனைவருக்கும் வணக்கம். ஒலிம்பிக் ஜோதி ஓட்டங்களைப் பற்றிப் படித்துவரும்போது மனத்தில் தங்கிவிட்ட ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். 1988ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் கனடாவின் கால்கரி நகரில் நடந்தது. அதற்கான ஜோதி 1987 நவம்பர் 17 அன்று நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் புறப்பட்டு, 88 நாள்களில் ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் கடந்து போட்டித் திடலுக்கு வந்து சேர்ந்தது. நல்ல குளிர்காலம். மனிதர்கள் கையில் ஏந்தி ஓடியது போக, விமானத்திலும், பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியான ஸ்னோமொபைலிலும், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் அந்தச் சுடர் பயணம் செய்தது. பின்னர் 2002 சால்ட் லேக் சிட்டி, 2010 வான்கூவர் ஓட்டங்களிலும் நாய்வண்டிக்கு இடம் கிடைத்தது.

விமானமும் ஸ்னோமொபைலும் இருக்கும் காலத்தில் நாய்வண்டி எதற்கு என்பது என் முதல் ஐயம். அது அந்த மண்ணின் மரபுக்குச் செய்யப்படும் மரியாதையா, அல்லது ஒளிப்படக்காரர்களுக்காக ஏற்பாடு செய்யப்படும் காட்சியா? இரண்டாவது ஐயம் எளியது: கடுங்குளிரிலும் காற்றிலும், ஓடும் வண்டியின் மேல், அந்தச் சுடர் எப்படி அணையாமல் இருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தணல்:

இரண்டாவது கேள்விக்கு என்னால் விடை சொல்ல முடியும். எரிபொருள் துறையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

குளிரில் பந்தம் அணைவதற்குக் காற்றை மட்டும் குறை சொல்வது சரியல்ல. பந்தத்துக்குள் திரவமாக அடைத்துவைக்கப்பட்ட வாயு, ஆவியாக மாறி வெளியே வந்தால்தான் எரியும். சிகரெட் லைட்டரில் இருக்கும் பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே திரவமாகவே கிடந்துவிடும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வரை தாங்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் என்றாலும், அந்த எல்லையை நெருங்கும்போது அழுத்தம் மிகவும் குறைந்து, சுடர் சுருங்கிப் போகும். இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. திரவம் ஆவியாகும்போது தன் வெப்பத்தைத் தானே இழப்பதால், எரிய எரிய உருளையின் உட்புறம் வெளிக்காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகிறது. ஆகவே, மைனஸ் 30 டிகிரியில் நன்றாகப் பற்றிக்கொண்ட பந்தம்கூடச் சில நிமிடங்களில் தளர்ந்துபோகக்கூடும்.

கால்கரி அமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கால்கரி கோபுரத்தின் வடிவில், மேப்பிள் மரக் கைப்பிடியோடு செய்யப்பட்ட அந்தப் பந்தத்தைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் வடிவமைத்தது. வாயுவை நம்பாமல் பெட்ரோல், மண்ணெண்ணெய், ஆல்கஹால் ஆகியவற்றைக் கலந்த எரிபொருளை அதில் பயன்படுத்தினார்கள். குளிரில் அணையாமலும், நல்ல வெயிலில் கண்ணுக்குத் தெரியும்படியும் எரிய வேண்டும் என்பதே நோக்கம். பனியின் மேல் வெயில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில், நிறமில்லாமல் எரியும் சுடர் இருப்பதே தெரியாது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பந்தம் சில நேரம் அணையத்தான் செய்யும். அதற்கு ஏற்பாடும் உண்டு. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் குழியாடியைக் கொண்டு சூரிய ஒளியில் ஏற்றப்படும் மூலச்சுடர், சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாப்பு விளக்கை ஒத்த மூடிய விளக்குகளில் எப்போதும் கூடவே வருகிறது. பந்தம் அணைந்தால் அந்த விளக்கிலிருந்து மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2013 அக்டோபர் 6 அன்று மாஸ்கோவின் கிரெம்ளினில், முன்னாள் நீச்சல் சாதனையாளர் ஷவர்ஷ் கரபெத்யான் ஏந்திவந்த பந்தம் அணைந்தபோது, அருகில் நின்ற பாதுகாவலர் ஒருவர் தம் சட்டைப் பையிலிருந்த லைட்டரால் அதைப் பற்றவைத்தார். உலகம் முழுவதும் அது பேசப்பட்டதற்குக் காரணம், சுடர் அணைந்தது அல்ல. ஒலிம்பியாவின் தீ அல்லாத வேறொரு தீ அங்கே நுழைந்ததுதான்.

யூக்கான்வாசி:

தணல் அவர்கள் சுடரைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் நாய்களைப் பற்றி எழுதுகிறேன். கனடாவின் வடமேற்கில், வைட்ஹார்ஸ் நகரில் வசிக்கிறேன். குளிர்காலத்தில் ஓய்வு கிடைக்கும்போது ஒரு நாய்ப்பண்ணையில் உதவிக்குச் செல்வது வழக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: நாய்வண்டிக்குக் கடிவாளம் கிடையாது. குதிரையைப் போல இழுத்துப் பிடித்துத் திருப்ப முடியாது. நடுவில் ஒரு நீண்ட கயிறு. அதன் இருபுறமும் இரண்டிரண்டாக நாய்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வழிநடத்தும் நாய் ஒன்றோ இரண்டோ. பின்னால் சறுக்குக்கட்டைகளின் மேல் நிற்கும் ஓட்டுநரிடம் இருப்பது அவருடைய குரல் மட்டுமே. ‘ஜீ’ என்றால் வலப்பக்கம், ‘ஹா’ என்றால் இடப்பக்கம், ‘வோ’ என்றால் நிற்க வேண்டும். வண்டியை நிறுத்தக் காலால் மிதிக்கும் தடையும், பனியில் குத்தி ஊன்றும் இரும்புக் கொக்கியும் உண்டு. ஆனால் எந்தப் பக்கம் போவது என்பதை முன்னே ஓடும் நாய் கேட்டு, புரிந்து, ஒப்புக்கொண்டால்தான் நடக்கும்.

இப்போது ஜோதி ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள். இருபுறமும் மக்கள் கூட்டம், கைத்தட்டல், வாத்தியம், ஒலிபெருக்கி, மேலே ஹெலிகாப்டர். ஓட்டுநரின் குரல் நாயின் காதில் விழ வேண்டுமே! ஆகவே, நாய்வண்டியில் ஜோதி வரும் இடத்தில் கூட்டத்தை எங்கே நிறுத்துவது, எப்போது ஆரவாரம் செய்யச் சொல்வது என்பதை ஓட்டுநரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொரு செய்தியையும் நான் கண்ணால் கண்டே அறிந்தேன். சேணம் பூட்டியவுடன் இந்த நாய்கள் படுகிற பாட்டைச் சொற்களில் சொல்வது கடினம். நான்கு கால்களும் தரையை விட்டு எழும்படி குதிக்கும், கயிற்றைக் கடிக்கும், பக்கத்து நாயின் காது கிழியும்படி ஊளையிடும், வண்டியை மரத்தில் கட்டியிருந்தால் மரமே அசையும். கட்டை அவிழ்த்த நொடியில் அத்தனை ஓசையும் ஒரேயடியாக நின்றுவிடும். பிறகு கேட்பது மூச்சும், பனியில் கட்டை உரசும் ஒலியும் மட்டுமே. இதனால்தான் விழா மேடையும் நாய்களும் ஒத்துப்போவதில்லை. நகரத் தலைவர் உரையாற்றி முடிக்கும் வரை, பூட்டிய நாய்களை நிறுத்திவைப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை. உரைகள் எல்லாம் முடிந்த பிறகே நாய்களைப் பூட்ட வேண்டும்.

குளிர் அவற்றுக்குத் துன்பம் என்று தென்னாட்டில் இருப்பவர்கள் எண்ணுவது இயல்பு. உண்மையில் மைனஸ் 20 டிகிரி அவற்றுக்கு இதமான வானிலை. வெயில் ஏறிப் பனி இளகும் நாளில்தான் உடல் சூடேறித் தளர்ந்துபோகின்றன. நெடுந்தொலைவு ஓடும் காலத்தில் ஒரு நாய்க்கு ஒரு நாளில் 10,000 கலோரிக்கு மேல் உணவு தேவைப்படும். கூரான பனித்துகள் விரல்களுக்கு நடுவே சேர்ந்து கட்டியாகி அறுக்கும் என்பதால், ஒவ்வொரு பாதத்துக்கும் துணி உறை மாட்டுவார்கள். இந்த உறைகளை மாட்டும் வேலைதான் பண்ணையில் எனக்குத் தரப்படுவது. கையுறையோடு அதைச் செய்ய முடியாது, கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிடும்.

நிலாமுற்றம்:

யூக்கான்வாசி அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் குறிஞ்சிவாசன் அவர்களின் முதல் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்: இது காட்சிதான், அதற்கு விலை கொடுப்பவை நாய்கள்.

2010ஆம் ஆண்டின் வான்கூவர் ஒலிம்பிக் முடிந்து இரண்டே மாதங்களில், ஏப்ரலில், பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த விஸ்லர் பகுதியில், சுற்றுலாவுக்கு நாய்வண்டி ஓட்டிவந்த ஒரு நிறுவனத்தின் நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன. போட்டிக் காலத்துக்குப் பின் வாடிக்கையாளர் குறைந்ததால் அவை தேவைப்படவில்லை என்று செய்தி வந்தது. அந்தக் கொலையைச் செய்தவர் மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பித்ததால்தான், 2011 ஜனவரியில் விஷயமே வெளியில் தெரிந்தது. பின்னர் தோண்டியபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியதும், வண்டி நாய்களைப் பராமரிக்கத் தனி விதிமுறைகளை வகுத்ததும் அதன் பிறகுதான்.

அந்த நாய்கள் ஜோதியைச் சுமந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால், நாய்வண்டியை ஒரு நாட்டின் அழகிய அடையாளமாக உலகத்தின் முன் நிறுத்திவிட்டு, அந்த விருப்பத்தை நம்பிப் பிறப்பித்து வளர்த்த நாய்களை விழா முடிந்தவுடன் கைவிடுவது எந்த வகை மரியாதை? கைகூப்பிக் கேட்கிறேன், யாராவது விடை சொல்லுங்கள்.

குறிஞ்சிவாசன்:

நிலாமுற்றம் அவர்களே, படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியாமல் இருந்தேன். இந்தச் செய்தியை இந்த இழையில் கொண்டுவந்தது மிகவும் சரி.

ஆயினும், காட்சி என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியுமா? 1952 ஓஸ்லோ குளிர்கால ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுடர் ஒலிம்பியாவிலிருந்து வரவில்லை. நவீன பனிச்சறுக்கின் முன்னோடி என்று போற்றப்படும் சோன்ட்ரே நோர்ஹைம் பிறந்த மோர்கெடால் வீட்டின் அடுப்பில் ஏற்றப்பட்டு, 94 பேர் பனிச்சறுக்குக் கட்டைகளில் மாறி மாறிச் சறுக்கிச் சென்று தலைநகரில் சேர்த்தார்கள். குளிர்கால ஒலிம்பிக்குக்கு ஒலிம்பியாவிலிருந்து சுடர் வரத் தொடங்கியதே 1964 இன்ஸ்ப்ரூக் போட்டியில்தான். ஆக, குளிர்கால ஜோதி ஓட்டம் பிறந்ததே அந்தந்த ஊரார் பனியில் பயணம் செய்யும் முறையில்தான். நார்வேயில் சறுக்குக்கட்டை என்றால், வடகனடாவில் நாய்வண்டி. தொடக்கமே அப்படி இருக்கும்போது, அதை முழுவதும் ஒட்டவைத்த அலங்காரம் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

சேந்தன்:

அலாஸ்காவை விட்டுவிட்டு இந்த விவாதம் நிறைவு பெறாது. நாய்வண்டி ஓட்டம் ஒன்று உண்மையிலேயே உயிர் காத்த கதை அங்கே இருக்கிறது; ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறிச் சென்றதால், அது ஜோதி ஓட்டத்துக்கு மிகவும் நெருங்கியது.

1925 ஜனவரியில், மேற்குக் கரையில் உள்ள நோம் ஊரில் டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான் நோய், பரவியது. கடல் உறைந்துவிட்டது, கப்பல் வராது, அக்காலத்தின் திறந்த விமானங்கள் அந்தக் குளிரில் பறக்க இயலாது. ரயில் பாதையில் உள்ள நெனானாவிலிருந்து நோம் வரை 1,085 கிலோமீட்டர். ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள மருந்துப் பொதியை, சுமார் 20 ஓட்டுநர்களும் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, ஐந்தரை நாள்களில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழியில் குளிர் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே இறங்கியது. மருந்து உறையாமலிருக்கத் தங்கல் வீடுகளில் அடுப்பருகே வைத்துச் சூடேற்றினார்கள். சார்லி எவான்ஸ் என்பவரின் முன்னோடி நாய்கள் இரண்டும் குளிரில் விழுந்துவிட, அவரே கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்று இழுத்தார். லெனார்ட் செப்பாலாவும் அவருடைய டோகோ என்ற நாயும் உறைந்த நார்ட்டன் குடாவின் மேல் புயலில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தில் குன்னர் காசனின் வண்டியைக் காற்று கவிழ்த்துவிட, பனியில் விழுந்த மருந்தைக் கையுறையைக் கழற்றித் துழாவித் தேடி எடுத்தார். பிப்ரவரி 2 அன்று விடியுமுன் நோம் வந்து சேர்ந்தார். அவருடைய முன்னோடி நாய் பால்ட்டோவுக்கு அதே ஆண்டில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சிலை வைத்தார்கள். அந்த ஓட்டுநர்களில் பலர் அலாஸ்காவின் பூர்வகுடிகள் என்பதும், அவர்களுக்குச் சிலையோ பெயரோ கிடைக்கவில்லை என்பதும் நான் வருத்தத்தோடு பதிவு செய்ய விரும்புவது.

தீயைப் பற்றியும் அங்கே ஒரு வழக்கம் உண்டு. நாய்வண்டியிலேயே அஞ்சலும் சரக்கும் சென்ற காலத்தில், ஓட்டுநர் ஒருவர் புறப்பட்டுவிட்டார் என்ற செய்தி கிடைத்ததும், வழித்தங்கல் வீடுகளின் வாசலில் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றித் தொங்கவிடுவார்கள். இருட்டில் வழி தெரிவதற்கும், வெளியே இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று எல்லோருக்கும் நினைவூட்டுவதற்கும் அந்த விளக்கு. அவர் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகே அணைப்பார்கள். 1973 முதல் ஆங்கரேஜ் நகரிலிருந்து நோம் வரை நடந்துவரும் இடிடராட் நாய்வண்டிப் போட்டியில் இந்த வழக்கத்தை இன்றும் காக்கிறார்கள். போட்டி தொடங்கும்போது நோமில் ஏற்றப்படும் விளக்கு, வெற்றி பெற்றவர் வந்தாலும் அணைவதில்லை. கடைசியாக வரும் ஓட்டுநர் எல்லையைக் கடக்கும் வரை எரிகிறது. ஜோதியும் நாய்வண்டியும் சேர்வதில் பொருள் இருக்கிறதா என்று யாராவது என்னைக் கேட்டால், நான் காட்டுவது அந்த விளக்கைத்தான்.

ஸ்கார்பரோ நாவலன்:

எல்லோருடைய பதிவுகளையும் ஊன்றிப் படித்தேன். நான் கனடாவில் வசிப்பவன். இந்த நாட்டில் நாய்வண்டியைப் பற்றிப் பேசும்போது, பேசாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது.

வடக்கே இனுயிட் மக்களுக்கு நாய் என்பது வேட்டைக்கும் பயணத்துக்கும் உரிய ஒரே துணையாக இருந்தது. உறைந்த கடலின் மேல் சீல் மூச்சுவிடும் துளையை மோப்பம் பிடித்துக் காட்டுவதும், புயலில் வீட்டுக்கு வழி கண்டுபிடித்து அழைத்து வருவதும் அதுதான். 1950களின் நடுவிலிருந்து 1960களின் இறுதி வரை, கியூபெக் மாகாணத்தின் வடபகுதியான நுனாவிக்கில், காவல்துறையினரும் அதிகாரிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டி நாய்களைச் சுட்டுக் கொன்றார்கள் அல்லது கொல்லச் செய்தார்கள். அவிழ்ந்து திரியும் நாய்கள் ஆபத்து, நோய் பரப்பும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். உரிமையாளர்களைக் கேட்கவில்லை, அந்தக் குடும்பம் இனி எப்படி வேட்டைக்குப் போகும் என்று எண்ணவில்லை. பாஃபின் தீவுப் பகுதியிலும் இதே போன்ற துயரம் நடந்தது; அதை விசாரிக்க மக்களே அமைத்த கிகிக்தானி உண்மை ஆணையம் 2010இல் அறிக்கை தந்தது. 1970களில் கனடிய இனுயிட் நாயினம் சில நூறு என்ற அளவுக்குச் சுருங்கி, அழிவின் விளிம்பில் நின்றது.

இப்போது கால்கரி ஜோதியின் ஆண்டைப் பாருங்கள்: 1988. நாய்கள் சுடப்பட்டு இருபது ஆண்டுகள்கூட முழுமையாகக் கழியவில்லை. அரசு ஒரு சொல் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆனால் நாட்டின் பெருமையைக் காட்டும் ஓட்டத்தில் நாய்வண்டி இருந்தது. கியூபெக் முதல்வர் ஜான் ஷாரே 2011இல் மாகாண அரசின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 2019இல் கூட்டாட்சி அரசு கிகிக்தானி இனுயிட் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. நுனாவிக் மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது 2024 நவம்பர் 23 வரை. அன்று காங்கிக்சுயுவாக் ஊருக்கு நேரில் சென்று, கனடிய அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்ட அமைச்சர், இலங்கையில் பிறந்து சிறுவயதில் கனடா வந்த தமிழர் கரி ஆனந்தசங்கரி. 4.5 கோடி டாலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. நாய் வளர்ப்பையும் நாய்வண்டி மரபையும் மீட்டெடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று.

ஊரையும் உடைமையையும் இழந்து வந்து குடியேறிய மக்களில் ஒருவர், தம் பிழைப்பின் ஆதாரத்தை இழந்த இன்னொரு மக்களின் முன் நின்று, அரசின் பெயரால் அந்தச் சொற்களைச் சொன்னார் என்பதை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. காட்சியா மரபா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: யாருடைய நாய், யாருடைய வண்டி, யார் அழைத்தார்கள், அவர்களுக்கு உரியதைச் செய்துவிட்டா அழைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1988இல் அது செய்யப்படவில்லை.

நிலாமுற்றம்:

நாவலன் அவர்களே, இதைத்தான் நான் வேறு வழியில் சொல்ல முயன்றேன். கால்கரி ஓட்டத்தின்போதே அல்பெர்ட்டா மாகாணத்தின் லுபிகான் க்ரீ மக்கள், தங்கள் நிலத்தில் எண்ணெய் எடுக்கப்படுவதையும் நில உரிமை தீர்க்கப்படாததையும் எதிர்த்து, ஜோதி சென்ற வழியில் நின்று போராடினார்கள். ஓட்டத்துக்கு நிதி அளித்தது பெட்ரோ கனடா என்ற எண்ணெய் நிறுவனம். பூர்வகுடிகளின் வண்டியும் உடையும் ஊர்வலத்தில் வேண்டும். அவர்களுடைய கோரிக்கை மட்டும் வேண்டாம் என்றால், அதை ஏற்க முடியாது.

ஆனால் சேந்தன் அவர்கள் எழுதிய அந்த நோம் விளக்கு என்னைச் சற்று அசைத்திருக்கிறது. அது பார்வையாளருக்காக ஏற்றப்படுவது அல்ல; வெளியே இருட்டில் வந்துகொண்டிருப்பவருக்காக ஏற்றப்படுவது.

யூக்கான்வாசி:

நிலாமுற்றம் அவர்களின் கோபம் நியாயமானது. அதனோடு இன்னொரு பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன்: இனுயிட் மக்களிடம் தங்களுக்கே உரிய சுடர் ஒன்று இருக்கிறது. மாவுக்கல்லில் அரைநிலா வடிவில் குடைந்த குல்லிக் என்னும் விளக்கு. சீலின் கொழுப்பே எண்ணெய். பாசியும் பஞ்சுப்புல்லும் சேர்த்துத் திரி. நம் வீட்டு அகல்விளக்கைப் போல ஒரு முனையில் மட்டும் எரியாமல், கல்லின் நேர்விளிம்பு முழுவதும் சிறு சிறு சுடர்கள் வரிசையாக நிற்கும். ஒரு சிறு கோலால் திரியைத் தட்டித் தட்டி, புகையாமலும் தணியாமலும் காப்பது பெண்களின் கைவேலை. மரமே இல்லாத நாட்டில் சமைத்தது, உடை உலர்த்தியது, பனி உருக்கிக் குடிநீர் தந்தது எல்லாம் அந்த விளக்குதான். 2021 ஜூலையில் மேரி சைமன், இனுயிட் சமூகத்திலிருந்து கனடாவின் ஆளுநர் நாயகமாகப் பொறுப்பேற்ற முதல் பெண்மணி ஆனபோது, ஒட்டாவா செனட் அவையில் குல்லிக் ஏற்றப்பட்டது.

2010 போட்டிக்கான ஜோதி, 2009 நவம்பர் 8 அன்று எல்ஸ்மியர் தீவின் அலெர்ட் முகாம் வரை போயிற்று. வட துருவத்துக்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவு. அக்டோபர் நடுவிலேயே சூரியன் மறைந்து, பிப்ரவரி இறுதியில்தான் மீண்டும் தெரியும் இடம் அது. சூரிய ஒளியில் ஏற்றிய தீயைச் சூரியனே இல்லாத ஊருக்குக் கொண்டுபோனது எனக்கு மிகவும் பிடித்த செயல். அத்தகைய இடங்களுக்கு ஜோதி மறுபடியும் வருமானால், அங்குள்ள மூத்த பெண்மணி ஒருவர் குல்லிக் ஏற்றி வரவேற்க, அந்த ஊர் நாய்களே வண்டியை இழுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஊர் நாய்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துக் காட்டுவழிகளில் நாய்களை இரண்டிரண்டாகப் பூட்டுகிறோம். மரங்களுக்கு நடுவே பாதை குறுகலானது. கிழக்கு ஆர்க்டிக்கின் உறைந்த கடலில் ஒவ்வொரு நாய்க்கும் தனிக்கயிறு. விரல்களை விரித்தாற்போல் பரந்து ஓடும். பனிக்கட்டி விரிசலில் ஒரு நாய் விழுந்தாலும் மற்றவை கூடவே இழுபடுவதில்லை. பாரமும் ஓரிடத்தில் குவிவதில்லை. அவர்களுடைய கமுத்திக் வண்டியில் சட்டங்களை ஆணி அடித்து இறுக்காமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். மேடுபள்ளமான கடற்பனியில் வண்டி நெளிந்து கொடுக்கும், உடையாது. காட்டு வண்டியையும் பந்தய நாய்களையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோய் அங்குள்ள இகாலுயிட் ஊரின் கடற்பனியில் இறக்கினால், பார்ப்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது, நாய்களுக்குத் தெரியும்.

சேந்தன்:

இனுயிட் நாயினம் மீண்டுவருகிறது என்பதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். 2000ஆம் ஆண்டில் நூனாவுட் ஆட்சிப்பகுதி அதைத் தன் அதிகாரபூர்வ விலங்காக அறிவித்தது. 2001 முதல் நுனாவிக்கில் இவக்காக் என்ற நெடுந்தொலைவு ஓட்டம் நடக்கிறது. இனுயிட் நாய்கள் மட்டுமே அதில் ஓடலாம். சுடப்பட்ட நாய்களின் உரிமையாளர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மீண்டும் நாய் வளர்க்க வேண்டும் என்பதே அதைத் தொடங்கியவர்களின் எண்ணம்.

குறிஞ்சிவாசன்:

இவ்வளவு செய்திகள் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. யூக்கான்வாசி அவர்களிடம் ஒரே ஒரு ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது. வண்டி ஓடும்போது பந்தத்தை யார் பிடிப்பது? ஓட்டுநரின் இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்க வேண்டுமல்லவா? நாய்கள் தீயைக் கண்டு மிரளாதா?

யூக்கான்வாசி:

ஓட்டுநர் பந்தத்தைத் தொடக்கூடாது. ஏந்துபவர் வண்டியின் தொட்டில் பகுதியில் முன்னோக்கி அமர வேண்டும். ஓட்டுநர் அவருக்குப் பின்னால் நிற்பார். வண்டி ஓடும் வேகத்தில் சுடர் பின்னோக்கிச் சாயும் என்பதால், பந்தத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தால் அனல் நேராக ஓட்டுநரின் முகத்தில் அடிக்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு மறுபக்கம் கையை நன்றாக நீட்டிப் பிடிக்க வேண்டும். இருவரும் அணிந்திருக்கும் குளிர் உடை நைலான். வண்டியின் உறையும் அப்படியே. ஒரு பொறி விழுந்தால் துளை விழும். கம்பளி மேலங்கி அணிந்து அமர்வது நல்லது. உலோகப் பந்தத்தை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாய்களுக்குத் தீ ஒரு சிக்கலே அல்ல. அது அவற்றின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடத் தொடங்கிய பின் அவை திரும்பிப் பார்ப்பதில்லை. பற்றவைக்கும் நேரத்தில் எழும் ஓசையும் நாற்றமும்தான் சில நாய்களைக் கலக்கும். ஆகவே, விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்பே, மாலையில் உணவு வைக்கும் வேளையில், கொஞ்ச தூரத்தில் பந்தத்தை எரியவிட்டுப் பழக்கிவிடலாம்.

தொலைவைப் பற்றியும் ஒரு சொல். பந்தத்தில் இருக்கும் எரிபொருள் சில நிமிடங்களுக்கே போதும். நாய்களோ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் பகல் முழுதும் ஓடக்கூடியவை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு உண்மையாகவே நாய்வண்டியில் சுடரைக் கொண்டுபோக வேண்டுமானால், தணல் அவர்கள் குறிப்பிட்ட மூடிய விளக்கை வண்டியில் சாயாதபடி கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, கொக்கியை ஊன்றி, விளக்கிலிருந்து பந்தத்தை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழையலாம். அப்படி ஒரு பயணத்தை யாராவது திட்டமிட்டால், பாத உறை மாட்டும் வேலைக்கு நான் வரத் தயார்.